"கண் நல்லாத்தானே தெரியுது": சீனி வருத்தமும் கண் பரிசோதனையும் வந்த வரலாறு

இது கொஞ்சம் நீளமான பதிவு. இப்போது நேரமில்லாவிட்டால் சேமித்து வைத்து இஷாவுக்குப் பிறகு ஆறுதலாக வாசியுங்கள்.

எங்களோடு படிப்பித்து ஓய்வு பெற்ற கணக்கு சேர் ஒருவர் இருக்கிறார். "பெயரைப் போடாதீங்க, விசயத்தை எழுதுங்க" என்று அனுமதி தந்திருக்கிறார். பதினொரு வருடமாக அவருக்குச் சீனி வருத்தம். மாதாந்தக் கிளினிக் தவறியதில்லை, குளிசை தவறியதில்லை. தவணைப் பரீட்சைத் தாள் திருத்துவதில் கடைசி வருடம் வரை அவரை எங்களில் ஒருவராலும் பிடிக்க முடியவில்லை. ஒருநாள் சுபஹுக்கு வுழூ செய்துகொண்டிருக்கும்போது வலது கண்ணுக்குள் கறுப்பு நூல் மாதிரி ஒன்று ஓடியதாம். நுளம்பு என்று நினைத்துக் கையால் தட்டியிருக்கிறார். லுஹர் நேரத்துக்குள் அந்தக் கண்ணில் சிவப்புத் திரை விழுந்துவிட்டது. உள்ளே இரத்தம் கசிந்து நிறைந்திருந்தது. அதன் பிறகு லேசர், சத்திரசிகிச்சை, கொழும்புக்கு அலைச்சல். இன்று அந்தக் கண்ணால் வெளிச்சம் தெரியும். விரலை எண்ண முடியாது.

பழைய கொப்பிகளைப் புரட்டும்போது கிளினிக் கொப்பியின் மட்டைக்குள் மடித்தபடி ஒரு துண்டு கிடைத்தது. கண் கிளினிக்கில் காட்டச் சொல்லி எழுதிக் கொடுத்த துண்டு. திகதி மூன்று வருடம் பழையது. ஏன் சேர் போகவில்லை என்று கேட்டோம்.

"கண் நல்லாத்தானே தெரிஞ்சது" என்றார்.

அவரைக் குறை சொல்ல எங்களுக்கு வாய் வரவில்லை. கண் கிளினிக் வேறொரு நாள், வேறொரு கட்டடம். கண்மணியை விரிக்கச் சொட்டு மருந்து விட்டால் சில மணித்தியாலம் எல்லாம் மங்கலாக இருக்கும், மோட்டார் சைக்கிளில் திரும்ப முடியாது, கூட ஒருவர் போக வேண்டும். சாம்பல்தீவிலிருந்து டவுன் தூரமில்லைதான். ஆனால் நல்லாய்த் தெரிகிற கண்ணைக் காட்டுவதற்காக ஒரு நாள் லீவும் மகனுடைய ஒரு நாள் கூலியும் போவதை யார் விரும்புவார்? சேர் சொன்ன அந்த ஒரு வசனத்தோடு வைத்தியத்துறை எத்தனை வருடமாக மல்லுக்கட்டுகிறது என்று தேடிப் படித்தோம். படித்ததை ஊருக்குச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

முதலில் வருத்தத்தைப் பற்றி. கலாசாலையில் கண்ணின் படம் கீறி, பின்பக்கச் சுவருக்கு அம்புக்குறி போட்டு "விழித்திரை" என்று எழுதியது எங்களுக்கு ஞாபகம். அந்தத் திரை முழுக்க மயிரை விட மெல்லிய இரத்தக் குழாய்கள். வருடக்கணக்கில் இரத்தத்தில் சீனி கூடினால் இந்தக் குழாய்கள் பழுதாகி, பழைய தண்ணீர்க் குழாய் மாதிரி அங்கங்கே பொம்மி, கசியத் தொடங்கும். சில இடங்களில் அடைபட்டுவிடும். இரத்தம் கிடைக்காத பகுதி அவசரமாகப் புதுக் குழாய்களை முளைக்க வைக்கும். கள்ளக் கனெக்‌ஷன் என்று வைத்துக்கொள்ளுங்கள். தரமில்லாத வேலை, ஒருநாள் வெடிக்கும். சேருக்கு நடந்தது அதுதான். வெடிக்கும் நிமிடம் வரை வலி கிடையாது, பல பேருக்குப் பார்வையில் குறையும் கிடையாது.

வெள்ளை விழுந்த கண் அப்படியில்லை. அது மெதுவாக மங்கும், மங்கியவர் தானாகவே டொக்டரைத் தேடிப் போவார், வில்லை மாற்றினால் பார்வை திரும்பும். நம்மூரில் பலர் இரண்டையும் ஒன்றென்று நினைக்கிறார்கள். "போனால் கண்ணை மாத்தலாம்தானே" என்று சொல்கிறவர்களும் உண்டு. கண்தானத்தில் மாற்றுவது முன்பக்கக் கண்ணாடியான கருவிழியை. டொக்டர் ஹட்சன் சில்வா 1961இல் ஆரம்பித்த கண்தானச் சங்கத்தின் மூலம் நமது நாடு உலகத்துக்கே கருவிழி கொடுத்து வந்திருக்கிறது. பாகிஸ்தானில் மட்டும் எத்தனையோ பேர் அதனால் பார்க்கிறார்கள். விழித்திரையை அப்படி மாற்ற இன்றுவரை வழியில்லை.

கண்ணைப் பற்றிய பேச்சு வந்தால் நாம் உடனே இப்னுல் ஹைதமைச் சொல்லிப் பெருமைப்படுவோம். பெருமைப்பட வேண்டியவர்தான். பஸ்ராவில் பிறந்து கெய்ரோவில் வாழ்ந்து ஏறத்தாழ 1040இல் மரணித்த அவர், கண்ணிலிருந்து ஒளி புறப்பட்டுப் பொருளைத் தொடுகிறது என்ற பழைய கருத்தை உடைத்து, பொருளிலிருந்து வரும் ஒளியே கண்ணுக்குள் நுழைகிறது என்று "கிதாபுல் மனாழிர்" நூலில் நிறுவினார். விழித்திரைக்கு ஆங்கிலத்தில் உள்ள "ரெட்டினா" என்ற பெயர்கூட, வலை என்ற பொருளில் அரபு வைத்தியர்கள் வைத்த "ஷபகிய்யா" லத்தீனுக்குப் போய் வந்ததுதான் என்கிறார்கள். ஆனாலும் அவரே பார்வை வில்லையில்தான் உணரப்படுகிறது என்று கருதினார். உயிருள்ள மனிதனின் கண்ணுக்குள்ளே எட்டிப் பார்க்க அந்தக் காலத்தில் எவராலும் முடியாதே.

அந்தக் கதவு 1851இல் திறந்தது. ஜேர்மனியரான ஹெல்ம்ஹோல்ட்ஸ், ஒரு கண்ணாடித் துண்டையும் வில்லையையும் வைத்து, கண்மணி வழியாக உள்ளே வெளிச்சம் விட்டுப் பார்க்கும் கருவியைப் பற்றி அந்த வருடம் எழுதினார். சில வருடத்துக்குள் வியன்னாவில் எட்வார்ட் யேகர் என்ற வைத்தியர், சீனி வருத்தக்காரர் ஒருவரின் விழித்திரையில் மஞ்சள் புள்ளிகளையும் இரத்தக் கசிவையும் கண்டு படமாகக் கீறி வைத்தார். சீனிக்கும் கண்ணுக்கும் சம்பந்தமுண்டு என்பதை அக்காலப் பெரிய வைத்தியர்கள் சிலர் ஏற்கவேயில்லை. ஏற்காததற்கு ஒரு காரணம் இருந்தது. அன்று சீனி வருத்தம் வந்தவர்களில் பலர், கண் பழுதாகும் அளவுக்கு நீண்ட காலம் உயிரோடு இருக்கவில்லை. 1922 ஜனவரியில் கனடாவின் டொரொண்டோ நகரில் பதினான்கு வயதுப் பையன் ஒருவனுக்கு முதன்முதலாக இன்சுலின் ஏற்றினார்கள். அதற்குப் பிறகு சீனிக்காரர்கள் வாழ ஆரம்பித்தார்கள், வருடங்கள் கூடின, அந்த வருடங்களோடு கண் வருத்தமும் கூடியது.

வைத்தியம் வந்த கதை விசித்திரமானது. 2019 டிசம்பர் 26, சுனாமி நினைவு நாளன்று, கங்கண சூரிய கிரகணம் வந்தது ஞாபகமிருக்கும். வெறுங்கண்ணால் பார்க்காதீர்கள் என்று பிள்ளைகளிடம் சொல்லிச் சொல்லி எங்கள் தொண்டை வரண்டது. 1945 ஜுலை 9ஆம் திகதி ஐரோப்பாவில் அப்படியொரு கிரகணத்தை வெறுங்கண்ணால் பார்த்தவர்களின் விழித்திரையில் சூட்டுத் தழும்பு விழுந்திருப்பதை மையர் ஷ்விக்கராத் என்ற ஜேர்மன் கண் வைத்தியர் பார்த்தார். வெயில் விழித்திரையைச் சுடுமென்றால், சுட வேண்டிய இடத்தை மட்டும் அளவாகச் சுட்டால் என்ன என்று அவருக்குத் தோன்றியது. கூரையிலிருந்து கண்ணாடிகள் வழியாகச் சூரிய ஒளியையே நோயாளியின் கண்ணுக்குள் இறக்கிச் செய்து பார்த்தார். மேகம் மூடினால் வைத்தியம் நின்றுவிடும்! பிறகு மின்விளக்கு வந்தது, அதற்குப் பிறகு லேசர் வந்தது.

லேசர் உண்மையிலேயே பயன் தருமா என்பதை அமெரிக்காவில் 15 வைத்திய நிலையங்கள் சேர்ந்து 1970களில் பரீட்சித்தன. 1,700க்கும் மேற்பட்டவர்கள் பங்குபற்றினார்கள். ஒவ்வொருவருக்கும் சீட்டுக் குலுக்கி ஒரு கண்ணுக்கு லேசர் அடித்தார்கள், மற்றக் கண்ணைச் சும்மா விட்டுக் கவனித்தார்கள். இரண்டு வருட முடிவில், சும்மா விட்ட கண்களில் நூற்றுக்குப் பதினாறு பார்வையை மோசமாக இழந்திருந்தன. லேசர் அடித்த கண்களில் அது நூற்றுக்கு ஆறு சொச்சம். வித்தியாசம் இவ்வளவு தெளிவாக இருந்ததால், 1976இலேயே விதியை மாற்றி, ஆபத்திலிருந்த மற்றக் கண்களுக்கும் லேசர் கொடுக்க அனுமதித்தார்கள். ஆனால் இருக்கிற பார்வையைக் காப்பாற்றத்தான் லேசரால் முடியும். போன பார்வையைக் கொண்டுவர முடியாது. ஆகவே அதை அடிக்க வேண்டிய சரியான நேரம், ஆள் "நல்லாத்தானே தெரியுது" என்று சொல்லிக்கொண்டிருக்கும் நேரம்.

அதாவது 1976 தொடக்கமே குருட்டைத் தடுக்கும் வழி மனிதனின் கையில் இருக்கிறது. சேரின் கண் போனது அதற்குப் பிறகு எத்தனையோ வருடம் கழித்து. இடையில் எது குறுக்கே நின்றது என்பதுதான் எங்களை உறுத்தியது.

ஐஸ்லாந்து என்ற குட்டி நாடு 1980இலேயே சீனிக்காரர்களைத் தேடிக் கூப்பிட்டுக் கண் பார்க்கத் தொடங்கியது. 1989இல் இத்தாலியின் செயின்ட் வின்சென்ட் நகரில் ஐரோப்பிய நாடுகள் கூடி, சீனியால் புதிதாக வரும் குருட்டை மூன்றிலொரு பங்காவது குறைப்போம் என்று உறுதி எடுத்தன. அதைக் காரியத்தில் காட்டியது இங்கிலாந்து. 2003இலிருந்து படிப்படியாக, பன்னிரண்டு வயதுக்கு மேற்பட்ட ஒவ்வொரு சீனி நோயாளிக்கும் வருடத்துக்கு ஒருமுறை வீட்டுக்கே கடிதம் அனுப்பினார்கள். கண் டொக்டர் தேவையில்லை. பயிற்சி பெற்ற ஒருவர் விழித்திரையைப் படம் எடுப்பார், இன்னொருவர் படத்தை வாசித்துத் தரம் பிரிப்பார், பழுது தெரிந்தவர் மட்டும் டொக்டரிடம் போவார். வராதவருக்குத் திரும்பவும் கடிதம் போகும். உழைக்கும் வயதினரின் குருட்டுக்கு அந்நாட்டில் குறைந்தது ஐம்பது வருடமாகச் சீனிதான் முதற்காரணமாக இருந்தது. 2009-10 கணக்கைப் பார்த்தபோது அந்த இடத்திலிருந்து அது இறங்கியிருந்தது. இந்தக் கதையில் எங்களுக்குப் பிடித்த பாத்திரம் லேசரோ கெமராவோ இல்லை, அந்தக் கடிதம். அதை அனுப்ப முழுப் பெயர்ப் பட்டியல் ஒன்று வேண்டும். யார் வரவில்லை என்று பார்க்க ஒருவர் வேண்டும்.

நம்மைப் போன்ற நாடுகளில் அந்தப் பட்டியலும் இல்லை, கண் டொக்டர்களும் போதாது. இருந்த டொக்டர்களின் நேரத்தையும் வெள்ளை விழுந்த கண்கள் எடுத்துக்கொண்டன. மதுரையில் டொக்டர் கோவிந்தப்பா வெங்கடசாமி, ஐம்பத்தெட்டு வயதில் அரச சேவையிலிருந்து ஓய்வு பெற்று, வாதத்தால் கோணிப்போன விரல்களோடு 1976இல் பதினொரு கட்டில்களுடன் அரவிந்த் கண் ஆஸ்பத்திரியை ஆரம்பித்தார். கிராமங்களுக்குப் போய் முகாம் போட்டு, வெள்ளை விழுந்தவர்களை பஸ்ஸில் ஏற்றி வந்து, வெட்டி, திருப்பி அனுப்பினார்கள். உலகமே அதிலிருந்து படித்தது. சீனிக்கண் வந்தபோது அதே வழி பாதிதான் பலித்தது. முகாமென்றால் கண் தெரியாதவர்தான் வருவார். தெரிகிறவர் ஏன் வரப் போகிறார்? ஆகவே கண்ணைத் தேடி கெமரா போக வேண்டியதாயிற்று. 2003 வாக்கில் சென்னை சங்கர நேத்ராலயா, இந்திய விண்வெளி ஆய்வு நிறுவனத்தின் செய்மதித் தொடர்போடு பஸ் ஒன்றைக் கிராமங்களுக்கு அனுப்பியது. அரவிந்த் 2004இலிருந்து சிற்றூர்களில் சின்னக் கண் நிலையங்களைத் திறந்து, மதுரையில் இருக்கும் டொக்டரை இணையம் வழியாக அங்கே உட்கார வைத்தது. அதே காலத்தில் சென்னை நகரில் டொக்டர் மோகனின் குழு வீடுவீடாக ஆட்களைத் தெரிவு செய்து விழித்திரையைப் படமெடுத்துப் பார்த்ததில், சீனி உள்ளவர்களில் 17.6 வீதமானோருக்குக் கண் பாதிப்பு இருந்தது.

அதன் பிறகு கணினியின் முறை. 2016இல் கூகிள் ஆய்வாளர்கள், அரவிந்தும் சங்கர நேத்ராலயாவும் உட்பட இந்திய ஆஸ்பத்திரிகளின் படங்களையும் அமெரிக்கப் படங்களையும் சேர்த்து, 1,28,175 விழித்திரைப் படங்களைக் காட்டிப் பழக்கிய ஒரு கணினி, கண் டொக்டர்களுக்கு நிகராகப் பாதிப்பைக் கண்டுபிடிக்கிறது என்று அறிவித்தார்கள். பிரச்சினை தீர்ந்தது என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். 2018-19இல் தாய்லாந்தில் 11 கிளினிக்குகளில் வைத்துப் பார்த்தார்கள். அங்கே முன்பெல்லாம் படத்தை நிபுணருக்கு அனுப்பினால் பதில் வரப் பத்து வாரம்கூட ஆகும்; கணினி பத்து நிமிடத்தில் சொல்லும். ஆனால் படமெடுக்கும் அறையை இருட்டாக்கப் பல கிளினிக்குகளில் வசதியில்லை. 1,838 படங்களில் 21 வீதத்தைக் கணினி "வாசிக்க முடியாது" என்று திருப்பி அனுப்பியது. திருப்பினால் நோயாளி தூரத்து ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். அந்த அலைச்சலை அறிந்த தாதிமார் சிலர், "வேண்டாம், இதில் சேராதீங்க" என்று நோயாளிகளிடம் சொன்னார்களாம். பழக்கிய கணினி கெட்டித்தனமாகத்தான் வேலை செய்தது. பஸ் காசும் லீவும்தான் மறுபடி குறுக்கே நின்றன.

இனி நமது நாட்டுக்கு வருவோம். 2005-06இல் நடந்த தேசிய ஆய்வில், இலங்கையில் வளர்ந்தவர்களில் பத்துப் பேருக்கு ஒருவருக்கு, சரியாகச் சொன்னால் 10.3 வீதமானோருக்கு, சீனி வருத்தம் என்று கண்டார்கள். தங்களுக்குச் சீனி உண்டென்று ஏற்கெனவே தெரிந்தவர்களின் கண்ணைப் பார்த்ததில் நாலில் ஒருவருக்கும் கூடுதலானோரின் விழித்திரை பாதிக்கப்பட்டிருந்தது. எல்லாரும் எடுத்துச் சொல்லும் கணக்கு இது. ஆனால் அந்த ஆய்வு ஒன்பது மாகாணங்களில் ஏழில்தான் நடந்தது. விடுபட்டவை வடக்கும் கிழக்கும்.

அந்த நேரம் நாம் எங்கே இருந்தோம் என்று நினைத்துப் பாருங்கள். 2004 டிசம்பரில் கடல் வந்து போயிருந்தது. கரையோர வீடுகளில் தேசிய அடையாள அட்டையே மிஞ்சாதபோது கிளினிக் கொப்பியை யார் தேடினார்கள்? 2006 ஏப்ரலில் டவுன் மார்க்கெட்டில் குண்டு வெடித்தது. அதே வருடம் ஆகஸ்டில் மூதூர் சனம் ஷெல்லடிக்குள் கால்நடையாகக் கந்தளாய்ப் பக்கம் ஓடியது. அகதி முகாமில் காய்ச்சலுக்கும் வயிற்றோட்டத்துக்கும் மருந்து கிடைத்தது பெரிய விசயம். சீனிக் குளிசை இல்லாமல் மாதக்கணக்கில் இருந்தவர்கள் எங்கள் குடும்பங்களிலேயே இருக்கிறார்கள். விழித்திரைக் குழாய்கள் யுத்தம் முடியட்டும் என்று காத்திருக்கவில்லை. நமது மாகாணத்தில் அன்று எத்தனை கண்கள் கசிந்துகொண்டிருந்தன என்பது அந்தத் தேசியக் கணக்கில் இல்லை. அன்று நாற்பது வயதாக இருந்தவர்களுக்கு இன்று அறுபது.

2011இலிருந்து சுகாதார அமைச்சு ஆரோக்கிய வாழ்க்கை முறை நிலையங்களைத் திறந்து வந்தது நல்ல காரியம். சீனியும் பிரஷரும் பார்ப்பதற்கு அதனால் வழி பிறந்தது. சீனியைக் கண்டுபிடிப்பது முதல் படி. கண் அடுத்த படி. இதில் இலங்கை வைத்தியர் பியசேனவின் குழு செய்த ஒரு வேலை எங்களுக்கு நம்பிக்கை தருகிறது. மேல் மாகாணத்தில், கண் டொக்டரல்லாத சாதாரண வைத்தியர்களுக்குப் பயிற்சி கொடுத்து, கையில் பிடிக்கும் சின்னக் கெமராவை வைத்து, மருத்துவ கிளினிக்கிலேயே விழித்திரையைப் பார்க்க முடியுமா என்று சோதித்தார்கள். 2019இல் வெளிவந்த முடிவின்படி முடியும். சொட்டு மருந்து விடாமல் எடுத்த படங்களில் நிறைய வாசிக்க முடியாமல் போயின. விட்டு எடுத்தபோது அது வெகுவாகக் குறைந்தது. நமது முதியவர்களின் கண்ணில் வெள்ளையும் சேர்ந்தே இருப்பது அதற்கு ஒரு காரணம். ஆகவே சொட்டு மருந்திலிருந்து தப்ப முடியாது. ஆனால் அதே கிளினிக், அதே நாள், அதே கதிரையில் இருந்தபடி கண்ணையும் பார்த்துவிட்டால் சேரின் துண்டு மட்டைக்குள் போயிருக்காது.

நோன்பு காலத்தில் சொட்டு மருந்துக்குப் பயந்து கிளினிக்கைத் தள்ளிப் போடுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. நமது ஷாபிஈ மத்ஹபில் கண்ணில் மருந்து விடுவதால் நோன்பு முறியாது. சந்தேகமிருந்தால் ஹஸ்ரத்திடம் கேட்டுத் தெளிவு பெறுங்கள்.

கெமரா நமது கிளினிக்குக்கு எப்போது வருமோ அது அதிகாரிகளின் கையில். கடிதம் நமது கையில். கடிதம் என்று நாங்கள் சொல்வது இதுதான்: ஊரில் சீனி உள்ளவர் யார் யார், கடைசியாக எப்போது சொட்டு மருந்து விட்டுக் கண்ணின் உட்பக்கத்தைக் காட்டினார்கள் என்று ஒரு கொப்பி. கண்ணாடிக் கடையில் எழுத்து வாசித்தது கணக்கில் சேராது. ஏழெட்டுப் பேரைச் சேர்த்து ஒரு வான். திரும்பி வரும்போது கண் மங்கலாக இருப்பவர்களைக் கையைப் பிடித்து இறக்க இரண்டு இளைஞர்கள். பள்ளிவாசல் நிர்வாகத்தோடும் கோயில் நிர்வாகத்தோடும் பேசினோம், இரு தரப்பும் சம்மதம். சீனிக்கு மார்க்கம் கிடையாது.

கொப்பி போன வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு திறக்கப்பட்டது. முதல் பெயர் சேருடையது. மிஞ்சியிருக்கும் இடது கண்ணுக்கு அவர் ஆறு மாதத்துக்கு ஒருமுறை போகிறார். இரண்டாவது பெயர் அவருடைய மனைவி. ஒன்பது வருடமாகச் சீனி, இதுவரை ஒரு தடவைகூடக் கண் காட்டியதில்லை. பெயரைச் சொல்லிவிட்டு எங்களைப் பார்த்து, "எனக்கு நல்லாத்தான் தெரியுது தம்பி, இவர் சொல்றதுக்காக எழுதி வைங்க" என்றார். எழுதி வைத்திருக்கிறோம். அடுத்த வான் செவ்வாய்க்கிழமை காலை ஆறரைக்கு, இன்னும் மூன்று இடம் இருக்கிறது.